சுரங்கத் தொழிலாளரும் செய்கைவழிக் கல்வியும்

தொழிற் பாதுகாப்பின் வரலாறு பெரும்பாலும் சட்டங்களின் வரலாறாகவே கூறப்படுகின்றது. ஆயின், ஏட்டிலுள்ள விதியொன்று தொழிலாளியின் கைப்பழக்கமாக மாறுவது எங்ஙனம் என்னும் வினாவுக்குச் சட்டநூல்கள் விடை பகர்வதில்லை. ஐக்கிய அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களின் வரலாறு இவ்விடயத்தில் நம் சிந்தனைக்குரியது.

1907 டிசெம்பர் 6 ஆம் நாள் மேற்கு வேர்ஜீனியாவின் மொனொங்காச் சுரங்கத்தில் நிகழ்ந்த வெடிப்பில் 360 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே மாதம் 19 ஆம் நாள் பென்சில்வேனியாவின் டார் சுரங்கத்தில் 239 பேர் உயிரிழந்தனர். மாண்டோருட் பலர் ஐரோப்பிய நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். ஆங்கிலத்தில் அச்சிட்ட அறிவித்தல்கள் அன்னாருட் பலருக்கு வெறுங் கோடுகளே.

மொழியினும் பெரிய தடை பிறிதொன்றும் இருந்தது. எரிவாயு கலவாவிடின் நிலக்கரித் தூசு வெடிக்காது என்பது சுரங்க மக்கள் பலரின் உறுதியான நம்பிக்கை. நாள்தோறும் அத்தூசியையே சுவாசித்து வாழ்ந்த அனுபவம் அந்நம்பிக்கைக்கு அரணாயிற்று. வளர்ந்தோர் வெற்றுப் பாத்திரங்களாகக் கல்விக்கு வருவதில்லை. தம் அனுபவத்துடனேயே வருகின்றனர். அவ்வனுபவத்தை வெறுஞ் சொல்லால் வெல்லுதல் அரிது.

1910 இல் நிறுவப்பட்ட கூட்டாட்சி அரசின் சுரங்கப் பணியகமும், அதன் முதற் பணிப்பாளரான ஜோசப் ஹோம்சும் இதனை நன்குணர்ந்திருந்தனர் எனலாம். பிற்ஸ்பேர்க் நகருக்கு அண்மையிலுள்ள புரூஸ்ரனில் பரிசோதனைச் சுரங்கமொன்று அமைக்கப்பட்டது. 1911 ஒக்ரோபர் 30 ஆம் நாள், திரண்டிருந்தோர் முன்னிலையில் அங்கு நிலக்கரித் தூசு வெடிக்கச் செய்து காட்டப்பட்டது. கண்டவர்க்கு வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. மேலும், பணியகத்தின் புகையிரதப் பெட்டிகள் சுரங்க ஊர்கள் தோறும் சென்றன. தொழிலாளர் சுவாசக் கருவியை அணிந்து புகை நிறைந்த அறையினுட் புகுந்தனர். தோழனொருவனின் உடலிலேயே கட்டுப்போட்டு முதலுதவி பயின்றனர். அபாயத்தின்போது செய்ய வேண்டியவற்றை அபாயம் வருமுன்னரே கை கற்றுக்கொண்டது.

எனினும், இக்கல்வியின் எல்லையையும் நாம் மறத்தலாகாது. பணியகத்தை நிறுவிய சட்டமே சுரங்கங்களைப் பரிசோதிக்கும் அதிகாரத்தை அதற்கு மறுத்திருந்தது. தூசியின் மீது சுண்ணக்கல் தூளைத் தூவினால் வெடிப்புப் பரவாது தடுக்கலாம் எனத் தொழிலாளி அறிந்திருப்பினும், அதனை வாங்கித் தூவுவிப்பது முதலாளியின் விருப்பத்தையே சார்ந்திருந்தது. கூட்டாட்சிப் பரிசோதகர் சுரங்கத்தினுட் செல்லும் உரிமை 1941 இலேயே கிட்டிற்று. வரையறுக்கப்பட்ட அமுலாக்கும் அதிகாரம் 1952 இல் வந்தது. 1968 இல் மேற்கு வேர்ஜீனியாவின் பார்மிங்டனில் 78 பேர் மாண்ட பின்னரே, 1969 இன் வலுவான சட்டம் பிறந்தது.

1977 இன் சட்டம் இவ்விரு நெறிகளையும் ஒன்றிணைத்தது. நிலத்தடியில் புதிதாகத் தொழில் புகுவோர்க்கு 40 மணித்தியாலப் பயிற்சியும், ஆண்டுதோறும் 8 மணித்தியால மீள்பயிற்சியும் கட்டாயமாயின. அதுவும் வேலை நேரத்தில், உரிய சம்பளத்துடன் அளிக்கப்பட வேண்டுமென விதிக்கப்பட்டது. பயிற்சி, தொழிலாளி தன் ஓய்வு நேரத்திற் பெறும் சலுகை என்ற நிலை மாறி, முதலாளியின் கடமையாயிற்று.

செய்து கற்காத விதி ஏட்டோடு நின்றுவிடும். ஆனால், கற்றதைச் செயற்படுத்த உரிமையில்லாத தொழிலாளிக்குப் பயிற்சி மட்டும் அளித்து, விபத்து நேர்ந்ததும் பழியை அவன்மீதே சுமத்துவது நீதியாகாது. கைக்குப் பழக்கமும் கற்றதைக் காக்கும் சட்டமும் ஒருங்கே அமைதல் வேண்டும் என்பதே இவ்வரலாறு நமக்குணர்த்தும் உண்மையாகும்.