மான்டிசெல்லோவின் கணக்குப் புத்தகம்

சென்ற கோடையில் மகள் குடும்பத்துடன் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள மான்டிசெல்லோவைப் பார்த்து வந்தோம். மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெபர்சன் தாமே வரைபடம் போட்டு, குன்றின்மேல் கட்டிய வீடு. அந்நாட்டு ஐந்து சென்ட் நாணயத்தின் பின்பக்கத்தில் இருப்பது இதுதான்.

வீட்டின் அழகைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். வங்கியில் லெட்ஜரோடு காலம் கழித்த எனக்கு அவருடைய பண்ணைக் கணக்குதான் மனதில் நின்றது. மனிதர் எல்லோரும் சமம் என்று 1776-ல் சுதந்திரப் பிரகடனத்தில் எழுதியவர், தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தார். அவர்கள் பெயர், பிறந்த வருடம், யாருக்குக் கம்பளி, யாருக்கு எவ்வளவு மீன் என்று தம் கையாலேயே பட்டியல் போட்டிருக்கிறார். எந்த ஆடிட்டரும் மெச்சக்கூடிய ஒழுங்கு!

ஆனால் வரவு செலவுக்குக் கட்டவில்லை. மாமனார் வழியில் வந்த கடன், ஓயாத கட்டிட வேலை, விருந்தாளிகள், ஒயின். போதாக்குறைக்கு 1818-ல் நண்பர் ஒருவரின் 20,000 டாலர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். அடுத்த வருடமே நண்பர் நொடித்துப்போனார். (வங்கிக்காரர்களுக்குப் பழகிய கதை.) 1826 ஜூலை 4 அன்று ஜெபர்சன் இறந்தபோது கடன் ஒரு லட்சம் டாலருக்கு மேல்.

அந்தக் கடனுக்காக 1827 ஜனவரியில் ஏலம் நடந்தது. வீட்டுச் சாமான்கள், கால்நடைகளோடு சுமார் 130 மனிதர்களும் ஏலத்துக்கு வந்தார்கள்.

உயிலில் ஜெபர்சன் ஐந்து பேருக்கு மட்டும் விடுதலை எழுதியிருந்தார். அவர்களில் ஒருவர் கொல்லர் ஜோசப் பாசெட். அவருக்கு விடுதலை 1827 ஜூலையில்தான். அதற்கு ஆறு மாதம் முன்பே மனைவி ஈடித்தும் பிள்ளைகளும் ஏலத்தில் வெவ்வேறு கைகளுக்குப் போய்விட்டார்கள். ஈடித், ஜனாதிபதி மாளிகையில் பிரெஞ்சு சமையல்காரரிடம் தொழில் கற்றவர். ஜெபர்சனின் விருந்துகளுக்குச் சமைத்தவர் அவர்தான். ஜோசப் பட்டறையில் உழைத்து, உறவினர் உதவியோடு மனைவியையும் பிள்ளைகள் சிலரையும் மீட்டார். சொந்த மனைவிக்கு விலை கொடுத்த அந்தக் கணக்கை எந்தத் தலைப்பில் எழுதுவது?

ஏலத்தின்போது 11 வயதான மகன் பீட்டர் 1850 வாக்கில்தான் விடுதலையானார். பிறகு சின்சினாட்டி நகரில் விருந்துச் சமையல் கான்ட்ராக்டராகவும் பாதிரியாராகவும் பெயர் பெற்றார். 1900-ல், முதிய வயதில், மான்டிசெல்லோவை மறுபடி பார்க்க வந்திருக்கிறார்.

பிள்ளைகளைப் பார்க்க அந்தப் பக்கம் போகிறவர்கள், வீட்டோடு திரும்பிவிடாமல் அடிமைகள் வாழ்ந்து உழைத்த 'மல்பெரி ரோ' பாதையிலும் நடந்து வாருங்கள். வீட்டை ஒட்டியேதான் இருக்கிறது.