வெள்ளைக் கழிச்சலும் இராணிக்கெட்டும்

கோழிகளைக் கொத்துக் கொத்தாகச் சாய்க்கும் ஒரே நச்சுயிரி நோய்க்கு இங்கே இரண்டு பெயர்கள். ஊர்ப்புறத்தில் வெள்ளைக் கழிச்சல். கால்நடை மருத்துவர் ஏட்டில் இராணிக்கெட். முன்னது அறிகுறியைச் சொல்கிறது, பின்னது குமாவுன் மலையூரை. அறிகுறிப் பெயரே மேல் என்று தோன்றும். ஆனால் எச்சம் வெளுப்பது இந்நோயில் மட்டுமல்ல. குஞ்சுகளைக் கொல்லும் புல்லோரம் என்ற பாக்டீரியா நோயிலும் அப்படித்தான். இராணிக்கெட்டிலோ எச்சம் பெரும்பாலும் பச்சை கலந்திருக்கும்; சில கோழிகள் கழியாமலே மூச்சுத் திணறியும் கழுத்து முறுக்கியும் சாகும். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் கண்ட இதே நோயை விவரித்த டாயில் என்பவர், இத்தகைய குழப்பத்தைத் தவிர்க்கவே அவ்வூரின் பெயரைத் தற்காலிகமாக இட்டார். உலகம் அதையே நிரந்தரமாக்கிக்கொண்டது.

ஊர்ப்பெயர் அந்த ஊரின்மேல் பழி சுமத்துமே என்பார்கள். நியாயம்தான்; அதே 1926இல் ஜாவாவிலும் நோய் பதிவானதால், எந்த ஊரையும் பிறப்பிடம் என்று சொல்லிவிட முடியாது. கோழி வளர்ப்பவருக்கு இராணிக்கெட் எதையும் உணர்த்தாது என்பதும் உண்மை. ஆனால் அது எதையும் தவறாக உணர்த்துவதில்லை. வெள்ளை எச்சத்தை எதிர்பார்த்திருப்பவர் பச்சை எச்சத்தை வேறு நோய் என்று விட்டுவிடுவார். நோய் கண்டபின் கொடுக்க மருந்தில்லை. முன்கூட்டியே போடும் தடுப்பூசியே முக்கியக் காப்பு.