கையெழுத்துக்கு முந்தைய கேள்வி: தமிழ்நாட்டில் உறுப்பு தானச் சம்மதம் கடந்து வந்த வழி

1980களில் சென்னை வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. கடனில் மூழ்கிய குடும்பங்களைத் தேடித் தரகர்கள் வந்தார்கள். அவர்கள் காட்டிய மருத்துவமனையில் ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்துவிட்டு வயிற்றில் நீண்ட தழும்போடு வீடு திரும்பியவர்களில் பெண்களே அதிகம். அறுவைக்கு முன் அவர்களும் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர்கள்தாம். அப்படியொரு கையெழுத்தைச் சம்மதம் என்று ஏற்கலாமா? தமிழ்நாட்டு உறுப்பு மாற்று வரலாறு இந்தக் கேள்வியைச் சுற்றியே நகர்ந்திருக்கிறது.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1971-இல் சிறுநீரக மாற்று வெற்றிகரமாக நடந்தபோது, உறவினரின் உறுப்பையே மருத்துவர்கள் பெரிதும் நம்பியிருந்தார்கள். 1980களில் வந்த சைக்ளோஸ்போரின் மருந்து அந்த எல்லையைத் தகர்த்தது. அந்நியரின் சிறுநீரகத்தையும் உடல் ஏற்கும் என்றானதும், அதை விலைக்கு வாங்கும் சந்தை முளைத்தது.

1994-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மனித உறுப்பு மாற்றுச் சட்டம் விற்பனையைக் குற்றமாக்கியது. மூளைச்சாவையும் மரணம் என்று ஏற்றது. ஆனால் நெருங்கிய உறவினர் அல்லாதவரும் 'அன்பு, பற்று' காரணமாகத் தானம் தரலாம், அங்கீகாரக் குழு ஒப்புக்கொண்டால் போதும் என்று ஒரு கதவைத் திறந்து வைத்தது. தரகர்கள் அதன் வழியே நுழைந்தார்கள்.

அதற்கு விலை கொடுத்தது யார்? சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் 2001-இல் மாதவ் கோயலும் சக ஆய்வாளர்களும் பேசினார்கள். 96 விழுக்காட்டினர் கடனை அடைக்கவே விற்றிருந்தார்கள். ஆண்டுகள் சில கழிந்த பின்னும் முக்கால்வாசிப் பேரின் கடன் தீரவில்லை. குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. வேறு யாரும் இதைச் செய்ய வேண்டாம் என்றவர்கள் 79 விழுக்காடு. இத்தனைக்குப் பிறகும் கொடுமை ஓயவில்லை. 2007-இல், சுனாமியில் கரையை இழந்து எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவப் பெண்கள் சிறுநீரகம் விற்ற செய்தி வெளியானது.

மூளைச்சாவு வழியோ ஏட்டளவிலேயே தூங்கியது. சட்டத்தில் முறை தெளிவாகத்தான் இருந்தது. நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து மூளைச்சாவை உறுதி செய்ய வேண்டும்; மாற்று அறுவை செய்யும் எவரும் அக்குழுவில் இருக்கக் கூடாது. ஆனால் வெண்டிலேட்டரில் மார்பு ஏறி இறங்க, உடம்பு வெதுவெதுப்பாக இருக்கும் பிள்ளையைக் காட்டி 'இறந்துவிட்டான்' என்றால் எந்தத் தாய் நம்புவாள்? மூளைச்சாவு அடைவோரில் பலர் சாலை விபத்தில் சிக்கியவர்கள் என்பதால் போலீஸ் விசாரணை, பிரேதப் பரிசோதனை என்ற அலைக்கழிப்பும் சேர்ந்துகொள்ளும். சுனில் ஷராஃப் 1997-இல் தொடங்கிய மோகன் அறக்கட்டளை போன்ற சில அமைப்புகளே அக்காலத்தில் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசின.

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த 15 வயதுச் சிறுவன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். மருத்துவர்களான பெற்றோர் அவன் உறுப்புகளைத் தர முன்வந்தார்கள். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு, போலீசார் வழியொதுக்கித் தர, இதயம் சுமார் 11 நிமிடங்களில் போய்ச் சேர்ந்து ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. தமிழ்நாடே அதைப் பேசியது.

ஆனால் நெகிழ்ச்சி சில வாரங்களில் வடிந்துவிடும். அது வடியாமல் காத்தவை அரசாணைகள் என்பதை நம் பத்திரிகைகள் போதிய அளவு சொல்லவில்லை. மூளைச்சாவை அறிவிக்கும் முறை, உறுப்புகளைப் பகிரும் வரிசை, பிரேதப் பரிசோதனைத் தாமதத்தைக் குறைக்கும் ஏற்பாடு என்று ஒவ்வொரு முடிச்சும் அவிழ்க்கப்பட்டது. ரத்தநாள அறுவை மருத்துவர் ஜோ. அமலோற்பவநாதன் ஒருங்கிணைப்பாளராக இருந்து, மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பெறும் அரசுத் திட்டத்தை நடத்தினார். அதன் தொடர்ச்சியாகவே தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் உருவானது.

நடைமுறையின் உயிர்நாடி மருத்துவமனையின் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர்கள்தாம். மரணச் செய்தியைச் சொல்வதும் தானம் கேட்பதும் ஒரே மூச்சில் நடக்கக் கூடாது என்பது அவர்களுக்கான பாலபாடம். முதலில் குடும்பம் இழப்பை உணர வேண்டும். சந்தேகங்களைக் கேட்டுத் தெளிய வேண்டும். வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிட வேண்டும். உறுப்பு தான அடையாள அட்டை வைத்திருந்தவர் இறந்தாலும் குடும்பத்தார் மறுத்தால் மருத்துவர்கள் உறுப்பை எடுப்பதில்லை. இதயத்துக்கு நாலைந்து மணி நேரமே கெடு என்ற நெருக்கடியிலும் இந்த நிதானம் காக்கப்படுவதே திட்டத்தின் உண்மையான சாதனை.

உறுப்புக் கொடையாளர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023 செப்டம்பர் 23-இல் முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். தகுதியான மரியாதை. ஆனால் உயிரோடிருந்து உறுப்பு தருவோரை இந்த வெளிச்சம் எட்டவில்லை. இந்தியாவில் நடக்கும் சிறுநீரக மாற்றுகளில் பெரும்பாலானவை அவர்களாலேயே நடக்கின்றன. அவர்களில் பெருந்தொகையினர் மனைவியர், தாய்மார். 'சம்பாதிக்கிற மனுஷன் படுத்துட்டா குடும்பம் என்ன ஆகும்' என்று கூடத்தில் பேச்சு எழும்போது, மறுக்கும் இடம் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு இருக்கிறது? கொடையாளர் பெண்ணானால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும், அவரது சுயமான சம்மதத்தை உறுப்பைப் பெறுபவர் அல்லாத வேறொருவர் உறுதி செய்ய வேண்டும் என்கின்றன 2014 விதிகள். கணவரும் மாமியாரும் வெளியே காத்திருக்க, அவரைத் தனியே உட்காரவைத்துக் கேட்பதற்கு ஒவ்வொரு அங்கீகாரக் குழுவும் நேரம் ஒதுக்கினால்தான் அந்த விதிக்கு உயிர் வரும்.