ஒரு கோல், ஐம்பது வருடம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன மாதம் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். பழைய மாணவர்கள் நாலைந்து பேர் வந்து சூழ்ந்துகொண்டார்கள். எல்லோருக்கும் தலை நரைத்துவிட்டது. அதில் ஒருவர் பக்கத்தில் நின்றவரின் தோளைத் தட்டி, "சார், இவனைத் தெரியுதா? நம்ம ஓட்டைக்கை!" என்றார். அவர் சிரித்தார். கையில் பேத்தியைப் பிடித்திருந்தார். "ஓட்டைக்கைன்னா என்ன தாத்தா?" என்று அந்தக் குழந்தை கேட்டது.

அந்தப் பெயரை வைத்தது நான். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். அன்று இரவு தூக்கம் வராமல் கிடந்தபோது நினைவுக்கு வந்தவர் வேறொரு கோல்கீப்பர். பிரேசில் நாட்டுக்காரர். பெயர் மொவாசீர் பார்போசா.

1921இல் சாவோ பாவ்லோ மாநிலத்தில் கம்பினாஸ் ஊரில் பிறந்தவர். கறுப்பினத்தவர். 1945இல் ரியோ டி ஜெனிரோவின் வாஸ்கோ ட காமா கிளப்பில் சேர்ந்தார். (ஆம், நம் கள்ளிக்கோட்டைக்குக் கப்பலில் வந்த அதே ஆள் பெயர்தான். ரியோவில் குடியேறிய போர்த்துக்கீசியர் வளர்த்த கிளப் அது.) இந்தக் கிளப்பைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். 1923இல் கறுப்பினத்தவரும் கூலித் தொழிலாளிகளும் இருந்த அணியை வைத்துக்கொண்டு ரியோ சாம்பியன் ஆனார்கள். மறுவருடம் பெரிய வீட்டுக் கிளப்புகள் எல்லாம் தனி லீக் ஆரம்பித்து, "அந்தப் பன்னிரண்டு பேரை நீக்கினால் உனக்கும் இடம் உண்டு" என்றன. முடியாது என்று வாஸ்கோ தலைவர் கடிதம் எழுதிவிட்டார். கடிதத்தின் தேதி 1924 ஏப்ரல் 7. இந்தத் தேதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பார்போசா சேர்ந்தபின் வாஸ்கோ அணிக்கு 'வெற்றி எக்ஸ்பிரஸ்' என்றே பெயர் வந்தது. 1945, 47, 49, 50 என்று ரியோ பட்டங்கள் வரிசையாக வந்தன. 1948இல் சிலி நாட்டின் சாந்தியாகோவில் தென் அமெரிக்கக் கிளப் சாம்பியன்களுக்கான போட்டி. எதிரே அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட், அதில் இளம் டி ஸ்டெஃபானோ. லப்ரூனா என்ற பெரிய ஆட்டக்காரர் அடித்த பெனால்டியைப் பார்போசா தடுத்தார். ஆட்டம் 0-0. பட்டம் வாஸ்கோவுக்கு. மறுவருடம் தென் அமெரிக்கக் கோப்பையைப் பிரேசில் வென்றபோதும் கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்றவர் இவர்தான். அந்தக் காலத்துக் கோல்கீப்பர்கள் பலரைப் போல இவரும் கையுறை போடாமல் வெறுங்கையால் பந்தைப் பிடித்தவர்.

அப்புறம் 1950. உலகக் கோப்பை பிரேசிலில். அதற்கென்றே மரக்கானா மைதானத்தைக் கட்டினார்கள். (இந்தியாவும் போயிருக்க வேண்டிய கோப்பை அது. வெறுங்காலோடு ஆடக்கூடாது என்றதால் நாம் போகவில்லை என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். நம் சம்மேளனத்துக்கு அன்று ஒலிம்பிக்தான் பெரிதாகத் தெரிந்தது, உலகக் கோப்பையின் அருமை தெரியவில்லை. வெறுங்கால் கதை பின்னால் பிரபலமானது.)

அந்த வருடம் இறுதிப்போட்டி என்று தனியாக ஒன்று கிடையாது. கடைசி நான்கு அணிகள் ஒன்றோடொன்று மோத வேண்டும், அதிகப் புள்ளி எடுத்தவருக்குக் கோப்பை. பிரேசில் ஸ்வீடனை 7-1, ஸ்பெயினை 6-1 என்று நசுக்கியிருந்தது. உருகுவே ஸ்பெயினோடு 2-2 டிரா, ஸ்வீடனைத் தட்டுத்தடுமாறி 3-2. அதனால் ஜூலை 16ஆம் தேதி கடைசி ஆட்டத்தில் பிரேசிலுக்கு டிரா போதும். டிக்கெட் வாங்கியவர்களே 1,73,850 பேர், மொத்தக் கூட்டம் 2 லட்சத்தைத் தொட்டிருக்கும் என்பார்கள். ஆட்டத்துக்கு முன்பே ரியோ மேயர் தம் வீரர்களை 'வெற்றியாளர்களே' என்று அழைத்துப் பேசிவிட்டார்.

இடைவேளை முடிந்த இரண்டாவது நிமிடமே ஃப்ரியாசா கோல் போட்டார். 1-0. 66ஆவது நிமிடத்தில் உருகுவேயின் கிஜ்ஜியா வலது ஓரமாக ஓடி வந்து பந்தை நடுவில் தள்ள, ஸ்கியாஃபினோ அடித்தார். 1-1. இப்போதும் கோப்பை பிரேசிலுக்குத்தான்.

79ஆவது நிமிடம். அதே வலது ஓரம், அதே கிஜ்ஜியா. இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். பதின்மூன்று நிமிடத்துக்கு முன்னால் இதே ஆள் இதே இடத்திலிருந்து நடுவுக்குப் பாஸ் கொடுத்துத்தான் கோல் விழுந்தது. நடுவில் உருகுவே ஆட்கள் ஓடி வருகிறார்கள். மீண்டும் பாஸ்தான் வரும் என்று பார்போசா கம்பத்தை விட்டு ஓர் அடி நகர்ந்தார். கிஜ்ஜியா அந்த இடுக்கைப் பார்த்துவிட்டார். கம்பத்துக்கும் கோல்கீப்பருக்கும் நடுவே பந்தை நேராக அடித்தார். பார்போசா தாவினார். விரலில் பந்து பட்டது, கார்னருக்குத் தள்ளிவிட்டோம் என்றே நினைத்தாராம். மைதானம் அடங்கிப்போனதைக் கேட்ட பிறகுதான் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவழைக்க வேண்டியிருந்தது என்று பின்னாளில் சொன்னார்.

எந்தப் பயிற்சியாளரைக் கேட்டாலும் அந்த ஓர் அடியில் நியாயம் இருக்கிறது என்பார். தப்பாகிப் போன நல்ல கணிப்பு அது. தவிரவும், அந்த ஓரத்தில் கிஜ்ஜியாவை இரண்டு தடவை ஓடவிட்டது யார்? 1-0க்குப் பிறகு மற்றப் பத்துப் பேர் இன்னொரு கோல் போடாதது ஏன்? இதெல்லாம் ஊருக்கு வேண்டியிருக்கவில்லை. பழி விழுந்தது பின்வரிசையில் மூன்று பேர் மீது: பார்போசா, பிகோடே, ஜுவெனால். மூவரும் கறுப்பினத்தவர். இதைத் தற்செயல் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

அந்தத் தோல்வியை நினைவூட்டுகிறதென்று வெள்ளைச் சட்டையையே தூக்கிப்போட்டார்கள். இன்று நாம் பார்க்கும் மஞ்சள் சட்டை ஒரு பத்திரிகை நடத்திய போட்டி மூலம் அதன் பிறகு வந்தது. சட்டையை மாற்றலாம், பார்போசாவால் தோலை மாற்ற முடியுமா? நாட்டுக்காக அவருக்கு அதற்குப் பின் கிடைத்தது ஒரே ஓர் ஆட்டம், 1953இல். அதே வருடம் கால் முறிந்தது. ஆனாலும் கிளப் ஆட்டத்தை விடவில்லை. நாற்பது வயது தாண்டிய பிறகுதான் நிறுத்தினார்.

நிறுத்திவிட்டு எங்கே வேலை பார்த்தார் தெரியுமா? அதே மரக்கானாவில். மைதான நிர்வாகத்தில் ஊழியர். பழைய மரக் கம்பங்களை மாற்றியபோது அவரிடமே கொடுத்தார்களாம், வீட்டுக்குக் கொண்டுபோய் விறகாக்கி நண்பர்களுக்கு இறைச்சி சுட்டுப் போட்டாராம். இது கதையாகவும் இருக்கலாம். நிஜமாக இருக்கட்டும் என்றுதான் எனக்கு ஆசை.

1970 வாக்கில் ஒரு கடையில் நிற்கிறார். ஒரு பெண் தன் சின்னப் பையனிடம் அவரைக் கைகாட்டி, பிரேசில் முழுவதையும் அழவைத்த ஆள் இவர்தான் என்று சொல்கிறாள். தன் வாழ்க்கையிலேயே மிகவும் வலித்தது அதுதான் என்று பார்போசா சொல்லியிருக்கிறார். 1993இல் தேசிய அணியின் பயிற்சி முகாமைப் பார்க்கப் போனவரை, ராசியில்லாதவர் என்று உள்ளே விடவில்லை. தம் நாட்டுச் சட்டத்தில் அதிகபட்சத் தண்டனையே 30 வருடம்தான், நானோ 50 வருடம் அனுபவித்துவிட்டேன் என்றார் கடைசிக் காலத்தில். மனைவி போன பிறகு கடற்கரை ஊரான பிராயா கிராண்டேயில் எளிமையாக வாழ்ந்தார். அங்கேயே 2000 ஏப்ரல் 7ஆம் தேதி இறந்தார். அந்தக் கடிதத்தின் தேதியேதான்.

சரி, நம்ம கதைக்கு வருகிறேன்.

எண்பதுகளின் ஆரம்பம். வட்டார அளவிலான பள்ளிப் போட்டி. பி.டி. சார் விடுப்பில் இருந்ததால் பையன்களை நான் கூட்டிப்போனேன். கடைசி நிமிடத்தில் ஒரு பந்து கோல்கீப்பர் கையில் பட்டு நழுவி உள்ளே போனது. 1-0, தோற்றோம். மறுநாள் காலை பிரார்த்தனைக் கூட்டத்தில் முடிவைச் சொல்ல மேடை ஏறினேன். பிள்ளைகள் சிரிக்கட்டுமே என்று, "நம்ம கோல்கீப்பருக்கு ஓட்டைக்கை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனுக்கு அப்போது பதினான்கு வயது. அடுத்த வருடம் அவன் அணிக்கு வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

வரவேற்பில் அந்தக் குழந்தைக்கு அவர் என்ன பதில் சொன்னார் தெரியுமா? "அது ஒரு விளையாட்டுப் பேர்டா கண்ணு" என்றார். என்னைப் பார்த்து, "சார், சாப்டீங்களா?" என்று கேட்டார். நான் இன்னும் இல்லை என்றேன். கையைப் பிடித்துப் பந்திக்கு அழைத்துப்போய் உட்கார வைத்தார். இலையில் எதையும் என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. மன்னிப்பு கேட்கலாமா என்று யோசித்தபடியே எழுந்து வந்துவிட்டேன். நேற்றுத்தான் போனில் கேட்டேன். "விடுங்க சார், அதெல்லாம் எந்தக் காலம்" என்றார். குழந்தையிடம் அந்த ஆட்டத்தைப் பற்றி நானே சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அழைத்து வருகிறேன் என்றிருக்கிறார்.

சிக்கல் என்னவென்றால், உள்ளே போன அந்த ஒரு பந்து மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதுவரை 0-0 என்றால் அவன் எத்தனையோ பந்தைப் பிடித்திருக்க வேண்டும் அல்லவா? ஒன்றுகூட நினைவில் வரவில்லை. அன்று அந்த அணியில் ஆடியவர்கள், கூட வந்து கைதட்டியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அவன் பிடித்த பந்துகளில் எது ஞாபகம் வந்தாலும் ஞாயிற்றுக்கிழமைக்குள் கீழே எழுதுங்கள்.