முக்கால்வாசி காலி, ஆனா இடமில்லை: ஐநோடின் கதை

இந்த எபிசோட் சேவூர்ல ஆரம்பிக்குது. ஆரணிக்குப் பக்கத்துல, தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்கிற ஊர். அங்கே நெசவு பண்ற என் சித்தப்பா போன் பண்ணினார்.

"டேய், பெண்டிரைவ்ல புது டிசைன் ஏற மாட்டேங்குது. இடம் இல்லைங்குது. பழசை அழிச்சுடவா?"

பழசுன்னா, தாத்தா காலத்து கிராஃப் பேப்பர்ல இருந்து ஸ்கேன் பண்ணின டிசைன்கள். அந்தப் பேப்பர்ல பாதி செல்லரிச்சுப் போச்சு. "கை வைக்காதீங்க, வர்றேன்"னு கிளம்பிட்டேன்.

லினக்ஸ் டெர்மினல்ல 'டிஎஃப்' அடிச்சேன். 16 ஜிபி பெண்டிரைவ், ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம். நிறைஞ்சது கால்வாசிக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். அப்புறம் 'டிஎஃப் மைனஸ் ஐ'. ஐநோட் 100 சதவீதம் தீர்ந்திருந்தது.

ஐநோட்னா என்ன? 1971-க்குப் போகணும். பெல் லேப்ஸ்ல கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் எழுதிட்டு இருந்த நேரம். அந்த வருஷம் நவம்பர் 3 தேதியிட்ட முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே டிஎஃப் இருக்கு. அவங்க அமைப்புல ஃபோல்டருக்குள்ள இருக்கிறது ஃபைலோட பெயரும் ஒரு எண்ணும் மட்டும்தான். யாருடையது, எவ்வளவு பெருசு, டிஸ்க்ல எங்கே இருக்கு, எல்லாம் அந்த எண்ணுக்குரிய ஐநோட்ல இருக்கும். ஒரு ஃபைலுக்கு ஒரு ஐநோட். மொத்தம் எத்தனைங்கிறது ஃபார்மட் பண்ணும்போதே முடிவாகிடும்.

1983-ல வந்த 4.2 பிஎஸ்டி, டிஸ்கோட தொடக்கத்துல குவிஞ்சு கிடந்த ஐநோட்களை டிஸ்க் முழுக்கப் பிரிச்சு வெச்சது. வேகம் கூடிச்சு. 1993-ல லினக்ஸுக்கு வந்த ஈஎக்ஸ்டி2 அந்த யோசனையை எடுத்துக்கிச்சு, 2008-ல ஈஎக்ஸ்டி4 வரைக்கும் தொடர்ந்தது. ஆனா எண்ணிக்கையை முன்கூட்டியே முடிவு பண்ற பழக்கம் மட்டும் மாறல. ஈஎக்ஸ்டி4-ல வழக்கமா 16 கேபிக்கு ஒரு ஐநோட். 16 ஜிபிக்குச் சுமார் 10 லட்சம். எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் மாதிரி ஃபைல் சிஸ்டம்கள் தேவைப்படும்போது ஐநோட் உண்டாக்கிக்கும்.

சரி, 10 லட்சம் ஃபைல் எங்கிருந்து வந்துச்சு? என்கிட்ட இருந்துதான். ஜக்கார்டுல ஒரு அட்டை ஒரு ஊடைக்கு. ஒவ்வொரு அட்டையையும் தனி ஃபைலா சேமிக்கிற பேக்கப் ஸ்கிரிப்ட்டை எழுதினது நான்தான். தினமும் புது நகல் வேற. ஒவ்வொண்ணும் குட்டி ஃபைல், எடுத்துக்கிறது 4 கேபி இடம். அதான் இடம் மிச்சம் இருக்கும்போதே ஐநோட் தீர்ந்துபோச்சு.

சித்தப்பாவுக்கு இதை எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சேன். அவரே சொல்லிட்டார்: "பாவு மாதிரின்னு சொல்லு. பாவு ஓடும்போது எத்தனை இழைன்னு முடிவாயிடும். நடுவுல அகலம் பத்தலைன்னா இழை சேர்க்க முடியாது. ஊடைதான் நம்ம இஷ்டம்."

இதைவிடத் தெளிவா எந்தப் புத்தகத்துலயும் நான் படிச்சதில்லை.

ஒரு டிசைனோட அட்டைகளை எல்லாம் டார் போட்டு ஒரே ஃபைலா கட்டினேன். வேற ஹார்ட் டிஸ்க்குக்கு மாத்தி, திறந்து சரிபார்த்த பிறகுதான் உதிரிகளை அழிச்சேன். ஐநோட் மொத்தமா காலியாச்சு. தாத்தா டிசைன் ஒண்ணும் போகல.

உங்க சர்வர்ல "இடமில்லை"ன்னு வந்தா, எதையும் அழிக்கிறதுக்கு முன்னாடி டிஎஃப் ஒரு தடவை, மைனஸ் ஐ போட்டு இன்னொரு தடவை பாருங்க. 'டியூன்2எஃப்எஸ் மைனஸ் எல்' அடிச்சா ஐநோட் எண்ணிக்கை, பிளாக் அளவு, ரூட்டுக்குன்னு ஒதுக்கி வெச்ச இடம், எல்லாம் தெரியும். அந்த ஒதுக்கீடு வழக்கமா 5 சதவீதம்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.