ஏலகிரியின் இருட்டும் ஒரு லென்சும்

வாணியம்பாடியும் ஆம்பூரும் தோல் பதனிடும் ஊர்களாகவே நம் நினைவில் பதிந்திருக்கின்றன. பாலாற்றங்கரையில் வளர்ந்த அத்தொழிலுக்கு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் தந்த மலைக்காடுகளுக்கு வேறொரு வரலாறும் உண்டு. அது வேட்டையின் வரலாறு. பெங்களூரில் வாழ்ந்த வேட்டை எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சன் (1910–1974), ஏலகிரி மலையின் ஆட்கொல்லிச் சிறுத்தையைப் பற்றித் தனியாகவே ஒரு கதை எழுதியிருக்கிறார்.

அவரது வேட்டைக் கதைகளை வாசிப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். அவரது கையில் இருப்பது .405 வின்செஸ்டர் ரைஃபிள். இரவென்றால் அதனுடன் ஒரு டார்ச் விளக்கும் பொருத்தப்பட்டிருக்கும். குறிபார்க்கும் தொலைநோக்கி மட்டும் இருப்பதில்லை. இது ஏன்?

இருட்டில் வேட்டைக்காரனுக்குப் பற்றாக்குறையாக இருப்பது உருப்பெருக்கம் அல்ல, ஒளி. தொலைநோக்கியின் முன்பக்க லென்சின் விட்டத்தை அதன் உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணை வந்தடையும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 40 மில்லிமீட்டர் லென்சும் எட்டு மடங்கு உருப்பெருக்கமும் கொண்ட கருவி 5 மில்லிமீட்டர் ஒளிக்கற்றையையே தரும். இளைஞனின் கண்பாவையோ இருளில் 7 மில்லிமீட்டர் வரை விரியக்கூடியது. வயது ஏற ஏற அது சுருங்கும். எனவே முதியவருக்குப் பெரிய லென்சால் விளையும் பயன் குறைவு, சுமைதான் மிகுதி.

ஜெர்மனியில் செயற்கை ஒளியைக் கொண்டு வேட்டையாடுவதற்கு நெடுங்காலமாகத் தடை இருந்தது. நிலவொளியை நம்பிக் காட்டுப்பன்றிக்காகக் காத்திருந்தவர்கள் எட்டு மடங்கும் 56 மில்லிமீட்டரும் கொண்ட பெரிய லென்சுகளை நாடினர். வகுத்துப் பார்த்தால் சரியாக 7 வரும். ஆனால் பூச்சற்ற கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ 4 சதவீத ஒளியைத் திருப்பியனுப்பிவிடுகிறது. எட்டுப் பரப்புகளைக் கடப்பதற்குள் கால்பங்குக்கு மேல் தொலைந்துபோகும். 1935இல் சைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மக்குலா எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சைக் கண்டறிந்த பிறகே பெரிய லென்சு தன் முழுப்பயனைத் தரத் தொடங்கியது.

நம் காடுகளில் விடை வேறாக அமைந்தது. சிறுத்தை தான் கொன்ற இரையிடம் திரும்பி வரும். பரண்மேல் காத்திருப்பவனுக்கும் அதற்கும் இடையே சில பத்து அடிகள்தான். அங்கே தொலைநோக்கிக்கு என்ன வேலை? பொத்தானை அழுத்தினால் போதும். ஜிம் கார்பெட் 1926 மே மாதத்தில் ருத்ரபிரயாகையின் ஆட்கொல்லியைச் சுட்டதும் ரைஃபிளில் பொருத்திய டார்ச்சின் ஒளியில்தான்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்கூட இப்பழக்கத்தை அறிந்தே எழுதப்பட்டது. செயற்கை ஒளியில் வேட்டையாடுவதைத் தடைசெய்த அச்சட்டம், இரையிடம் வரும் ஊனுண்ணிகளுக்கு மட்டும் சிறப்பு அனுமதியின்பேரில் விலக்கு அளித்தது. 1991இல் வந்த திருத்தம் வேட்டை உரிமம் என்ற ஏற்பாட்டையே அகற்றிவிட்டது.

சிறுத்தைகள் மட்டும் இம்மலைகளை விட்டுப் போகவில்லை. 2024 ஜூன் மாதத்தில் திருப்பத்தூர் நகருக்குள் நுழைந்த சிறுத்தையை வனத்துறையினர் மயக்க ஊசி செலுத்திப் பிடித்தார்கள். அவ்வாண்டு டிசம்பரில் கே.வி.குப்பம் அருகே ஓர் இளம்பெண் சிறுத்தைக்குப் பலியானார். அத்தகைய வேளைகளில் ஊர்மக்களின் சினத்தில் நியாயம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? உயிருக்கு ஆபத்தான விலங்கைப் பிடிக்கவே இயலாதபோது கொல்வதற்கு, தலைமை வனவிலங்குக் காப்பாளரின் எழுத்துமூல ஆணையுடன், சட்டம் இன்றும் இடமளிக்கிறது.

ஆனால் எதிரே நிற்பது ஆளைக் கொன்ற அதே சிறுத்தைதானா? பழைய வேட்டைக்காரரின் மிகக் கடினமான கேள்வி இதுதான். 56 மில்லிமீட்டர் லென்சும் டார்ச்சும் குறியைக் காட்டினவேயன்றி குற்றவாளியைக் காட்டவில்லை. ஒவ்வொரு சிறுத்தையின் புள்ளிக்கோலமும் தனித்தன்மை உடையது. இன்று மரத்தில் கட்டப்படும் தானியங்கிக் கேமரா இரவில் அதைப் பதிவு செய்கிறது. இருட்டில் தெளிவாகப் பார்ப்பதற்காக மனிதன் உருவாக்கிய லென்சு, சுடுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விக்கு இப்போதுதான் பயன்படத் தொடங்கியிருக்கிறது.