சோழியும் பைத்தானும்: ஒரு தேதிக் கணக்கு

தாத்தாவின் கணக்கு நோட்டில் ஒரு வரி: "பிரஜோற்பத்தி, சித்திரை 28, திங்கள். கரண்டு வண்டியில் எழும்பூர் போய்வந்தது. முதல் நாள், நல்ல கூட்டம்."

தாத்தா தாம்பரத்தில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதியவர். தென்னிந்திய ரயில்வேயின் சென்னை கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் பாதையில், 1500 வோல்ட் டி.சி. மின்சாரத்தில் ரயில் ஓடத் தொடங்கியது 1931 மே 11. சித்திரை 28 அந்த நாள்தானா? ஆமென்றால் என் தாத்தா ஒரு சரித்திர சாட்சி. இல்லையென்றால் பெருமைக்காக எழுதிக்கொண்டவர்.

சோம்பேறித்தனமாக ஒரு ஏஐ உதவியாளரிடம் கேட்டேன். மே 12 என்றது. உறுதியாகத் தெரியுமா என்றேன். மன்னிப்புக் கேட்டு, மே 9 என்றது. அதற்குள் மே 12 என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டிருந்தேன். "அப்பா திங்கக்கிழமைன்னு எழுதியிருக்காரு, நீ சொல்றது செவ்வாய்க்கிழமை ஆச்சேடா?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

இதில் வியப்படைய ஒன்றுமில்லை. இந்த மாடல்கள் அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்துத்தான் விடை சொல்கின்றன. கணக்கை நம்பகமாகப் போட அவற்றுக்கு வெளியே ஒரு கருவி இருந்தால் நல்லது.

இதை யோசிக்கும்போது நினைவுக்கு வந்தவர் ஜான் வாரன். சென்னை வானோக்கு நிலையத்தில் பணியாற்றியவர். நம் காலக்கணித முறைகளைப் பற்றி இவர் எழுதிய 'கால சங்கலித' 1825-இல் சென்னையில் அச்சானது. புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்ததை அதில் பதிவு செய்திருக்கிறார். அந்தக் கணிதர் கையில் காகிதம் கிடையாது. அட்டவணைகள் எல்லாம் வாக்கியங்களாக மனப்பாடம். எழுத்துக்கு ஓர் எண் என்ற கடபயாதி முறை அது. சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்கள். ஒரு வாக்கியம் ஒரு நாளுக்கு, முதல் வாக்கியத்தைப் பிரித்தால் 12 பாகை 3 கலை. ஏன் 248? சந்திரன் பூமிக்கு மிக அருகில் வந்து, விலகி, மறுபடி அருகில் வர ஏறத்தாழ 27.55 நாள் ஆகும். அப்படி ஒன்பது சுற்று முடிந்தால் கிட்டத்தட்ட மிச்சமில்லாமல் 248 நாள்.

வாக்கியம் நினைவில், கூட்டல் கழித்தல் தரையில். சோழிகளை அடுக்கியும் நகர்த்தியும் 1825 மே 31 – ஜூன் 1 சந்திர கிரகணத்தை அவர் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52 நிமிடம் பிழை. 1952-இல் ஓட்டோ நாய்கெபவர் இந்த 'தமிழ் வானியலை' ஆராய்ந்து கட்டுரை எழுதினார்.

அந்தக் கணிதருக்குப் பின்னாலிருக்கும் கோட்பாடு தெரியாது என்கிறார் வாரன். அப்படியும் ஏமாற்ற வழியில்லை. ஒவ்வொரு படியும் தரையில் கிடக்கிறது. அதனால்தான் பிழையை நிமிடக் கணக்கில் சொல்ல முடிகிறது.

சரி, நம் உதவியாளருக்கும் சோழி கொடுப்போம் என்று உட்கார்ந்தேன். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்.சி.பி. என்ற பொது நெறிமுறை இதற்குத்தான். என் லேப்டாப்பில் ஒரு குட்டி சர்வர். உதவியாளர் பைத்தான் நிரலை எழுதி அனுப்பும், சர்வர் அதை ஓட்டி விடையைத் திருப்பித் தரும். யாரோ எழுதிய நிரல் நம் மெஷினில் ஓடுகிறது என்பதால் கன்டெய்னருக்குள் அடைத்து, இணையத்தைத் துண்டித்து, ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் காட்டினேன். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் என் அனுமதி வேண்டும்.

வாக்கிய முறைப்படி ஓர் ஆண்டு 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை. அதாவது 365.258681 நாள். 1931 சித்திரையில் முடிந்திருந்த கலி ஆண்டுகள் 5032. பெருக்கி, தொடக்கத் திருத்தமான 2.147569-ஐக் கழித்தால் 1837979.533. முழு எண்ணைத் தேதியாக்கினால் 1931 ஏப்ரல் 13. அதைச் சித்திரை 1 என்று எடுத்துக்கொண்டு, சித்திரை 28 = மே 10, ஞாயிறு என்றது நிரல்.

பத்து தடவை ஓட்டினேன், பத்து தடவையும் மே 10. வண்டி ஓடுவதற்கு முந்தின நாள்! தாத்தாதான் தப்பாக எழுதியிருப்பார் என்று முடிவு கட்டிவிட்டேன். மெஷின் கணக்கு தப்பாகாது என்ற திமிர், வேறென்ன.

ஆனால் இந்தப் பிழை முந்தைய பிழை மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடவில்லை. வரி வரியாகப் படித்தேன். அந்த .533-ஐ நிரல் வெட்டி எறிந்திருந்தது. 60-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 32 நாழிகை. உதயத்திலிருந்து பகல் 30 நாழிகை. ஆக, சூரியன் மேஷத்துக்குள் நுழைந்தது ஏப்ரல் 13 அஸ்தமனத்துக்குப் பிறகு. சங்கராந்தி அஸ்தமனத்துக்கு முன் நிகழ்ந்தால் அன்றே மாதப் பிறப்பு, பின் நிகழ்ந்தால் மறுநாள் என்பது தமிழ்நாட்டு வழக்கம். கேரளத்தில் வேறு விதி, ஒடிசாவில் வேறு. நிரலுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை, நானும்தான்.

ஒரு வரி சேர்த்தேன். சித்திரை 1 = ஏப்ரல் 14, செவ்வாய். சித்திரை 28 = மே 11, திங்கள்.

தாத்தா முதல் நாளே போயிருக்கிறார்.

பெரியப்பாவுக்கு போன் போட்டு நாழிகை, கன்டெய்னர் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுக்கா இவ்ளோ பாடு? நோட்டுலயே திங்கள்னு இருக்கேடா" என்றார்.

உண்மைதான். தேதியோடு கிழமையையும் எழுதும் பழக்கமே ஒரு சரிபார்ப்புதான். இப்போது என் நிரலில் அதற்கும் ஒரு வரி இருக்கிறது: கிழமை பொருந்தாவிட்டால் விடை சொல்லாதே.